பத்தொன்பது புள்ளி ஆறு

மெஷின்மேல் பழியைப் போட்டு
மாதிரியை இரண்டாம் முறை ஓட்டினேன்.
ஹீமோகுளோபின் மறுபடியும் பத்தொன்பது புள்ளி ஆறு.
மே மாதம், வேலூர், காலை ஒன்பதரை.
ஜன்னலுக்கு வெளியே மொட்டைப் பாறை மலை
அதற்குள் வெயிலைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருந்தது.

டோக்கன் நாற்பத்தொன்று. ஜெயவேலு, வயது முப்பத்தாறு.
ஊசி ஏறியபோதே தெரிந்திருக்க வேண்டும்:
நாவற்பழச் சாறுபோல், அவசரமில்லாமல்
குழாயில் வந்து நின்றது ரத்தம்.

"எங்க வேலை?"
"மிலிட்டரி. லே தாண்டி, இன்னும் மேல.
முந்தாநாள்தான் காட்பாடில எறங்கனேன்.
இன்னா மேடம், ரத்தம் கெட்டுப்போச்சா?"

கெடவில்லை.
கெட்டியாகியிருக்கிறது.

"மொத ஆறு நாளு ஒண்ணும் செய்ய வுடமாட்டாங்க.
பொட்டி தூக்காத, ஓடாத, படி ஏறாத.
பதினேழு வருஷத்துல மிலிட்டரி என்னை
சும்மா குந்துன்னு சொன்னது அங்கதான்.
அப்பறம் மேல ஏத்தி நாலு நாளு.
இன்னும் மேல, இன்னொரு நாலு."

அவர் குந்தியிருந்தார்.
உள்ளே யாரும் குந்தவில்லை.
மூச்சு முதல் மணியிலேயே நடையைக் கூட்டிவிட்டது.
சிறுநீரகம் காரத்தை இறைத்துக் கொட்டியபடியே
எலும்புக்குள் மஜ்ஜைக்குச் சேதி அனுப்பியது:
காற்று குறைவு, சுமக்க ஆள் சேர்.
வாரக்கணக்கில் ஆள் சேர்ந்தது, சிவப்பாக, கோடிக்கணக்கில்.
ராத்திரித் தூக்கத்தில் மட்டும் கணக்குத் தப்பும்.
மூச்சு நின்றுபோகும்.
பக்கத்துப் பைக்குள் படுத்திருக்கும் பஞ்சாபிக்காரன்
ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருப்பான்.
பிறகு கிணற்றில் முங்கி எழுந்தவன்போல் ஒரு இழுப்பு.

"நம்மூரைச் சொல்லுவாங்களே மேடம்,
ஆறு கீது தண்ணி இல்ல, கோட்டை கீது ராஜா இல்லன்னு.
அங்க வானம் கீது, காத்து இல்ல.
வேலூர்க்காரனுக்கு இதெல்லாம் புதுசா?"

சிரித்தேன். சிரித்தால் எனக்கு மூச்சு வாங்கும்.
என் அளவு ஒன்பது. இரண்டு வருடமாக ஒன்பது.
இரும்பு மாத்திரை மேசை டிராயரில்
அட்டை பிரியாமல் கிடக்கிறது.
ரத்த வங்கிக்கு மாடி ஏறும்போது பதினாலாம் படியில்
ஏதோ ஃபைலைப் புரட்டுகிறவள்போல் நிற்பேன்.
அந்தப் படிதான் என் லடாக்.
பியூலா, ஆறு நாள் சும்மா குந்து என்று
எனக்கு ஆர்டர் போட ஆளில்லை.

நிறையத் தண்ணீர் குடிக்கவும்,
ஐந்து வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று
டாக்டர் எழுதினார்.

ஜூனில் மகளோடு வந்தார்.
ஐந்து வயதிருக்கும். அவர் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள்.
"நான் வந்தப்ப இது கிட்டவே வர்ல.
ஆறு நாளு கதவாண்டியே நின்னுச்சு.
அப்பறம் டிவி பாக்க மட்டும் பக்கத்துல.
பாஞ்சாம் நாளு, தான் துன்ற தோசையைப் பிச்சு
என் தட்டுல வெச்சுது மேடம்."

பதினாறு புள்ளி இரண்டு.
தேவையில்லாத ஆட்களை உடம்பு ஊருக்கு அனுப்பிவிட்டது.
இத்தனைக்கும் யாரும் உத்தரவு போடவில்லை.

தாளைப் பார்த்தவர் முகம் மலரவில்லை.
"எறங்கிடுச்சா?"
"நல்லதுதானே."
"ஞாயித்துக்கெழமை ரயிலு.
திரும்ப மொதல்லேர்ந்து."
அவர் ரத்தத்தைச் சொன்னாரா
விரலைப் பிடித்திருந்த கையைச் சொன்னாரா
நான் கேட்கவில்லை.

அப்பாவுக்கு வைத்த பஞ்சைப் பார்த்து
எனக்கும் என்று கையை நீட்டினாள்.
ஊசி படாத இடத்தில் பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டினேன்.
வலித்ததுபோல் முகத்தைச் சுளித்து
மடக்கிப் பிடித்துக்கொண்டே போனாள்.

மத்தியானம் மாடி ஏறினேன்.
பதினாலாம் படி.
ஃபைலைத் திறக்காமல் நின்றேன்,
மூச்சு வரும் வரைக்கும்,
எல்லோரும் பார்க்க.